எல்லைக் கண்காணிப்புப் பணிக்குச் செல்வோருக்கு: எரித்திரியாவில் நான் கற்றவை

என் அக்கா மகன் ராணுவத்தில் மேஜராக இருக்கிறார். சூடானுக்கும் தென் சூடானுக்கும் இடையே, எல்லைக் கோட்டுக்கு இருபுறமும் 10 கிலோமீட்டர் வீதம் 20 கிலோமீட்டர் அகலத்துக்குப் படைகள் இருக்கக் கூடாது என்று 2011ஆம் ஆண்டில் இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட மண்டலத்தைக் கண்காணிக்கும் ஐ.நா. பணிக்கு, ஆயுதம் ஏந்தாத ராணுவப் பார்வையாளராக அவர் தேர்வாகியிருக்கிறார். விடுப்பில் திருநகருக்கு வந்தவர், "மாமா, எரித்திரியாவுல நீங்க பாத்ததையெல்லாம் எனக்கு ஒழுங்கா எழுதிக் குடுங்க, வாயால சொன்னா பாதி மறந்துபோகும்" என்று கேட்டார். உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் வட்டாரங்களிலிருந்து ஐ.நா. பணிக்குப் போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தங்கள் படைப்பிரிவோடு, ஆயுதங்களோடு போனவர்கள். தனி ஆளாக, முன்பின் அறியாத பல நாட்டு அதிகாரிகளோடு, கையில் குறிப்பேட்டை மட்டும் வைத்துக்கொண்டு இரு படைகளுக்கு நடுவே வாழும் வேலையைப் பற்றி நம் பக்கத்தில் கேட்டறிய ஆள் குறைவு. ஆகவே மாப்பிள்ளைக்காக எழுதத் தொடங்கியதைப் பிறருக்கும் பயன்படும்படி சற்று விரித்துத் தருகிறேன்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை, நான் எரித்திரியாவுக்கு ஐ.நா. பார்வையாளராகக் கிளம்பும் முன்பே சரியாகப் பிடித்துக்கொண்டவர் என் சித்தப்பா. சொல்லிக்கொண்டு வர ஊருக்குப் போயிருந்தபோது, "ரெண்டு ஊருக்குப் பொதுவான கம்மாயில, சண்டை வந்த வருசம் மடைக்கு ஆள் போடுவமே, அந்த மாதிரியாப்பா?" என்று கேட்டார். பெரும்பாலும் அப்படித்தான். மடையில் இருப்பவரால் எந்த ஊர்க்காரரையும் பலவந்தமாகத் தடுக்க முடியாது. மடை எப்போது திறந்தது, யார் திறந்தார்கள், எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை இரு ஊருக்கும் ஒன்றுபோலச் சொல்ல முடியும். அவர் சொல்லை இரு ஊரும் நம்பும்வரை சச்சரவு வாய்ச்சண்டையோடு நிற்கும். ஒரு ஊர் நம்பிக்கை இழந்துவிட்டால் அவர் அங்கே இருப்பதற்கே பொருளில்லை. பார்வையாளரின் நிலையும் இதுதான் என்பதால், கீழே நான் சொல்லும் அறிவுரைகள் எல்லாமே அந்த நம்பிக்கையைச் சம்பாதிப்பதையும் காப்பதையும் பற்றியவை.

நான் பணியாற்றிய மண்டலத்தின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1998ஆம் ஆண்டு மே மாதம் பாட்மே என்ற சிற்றூரை ஒட்டி எத்தியோப்பியாவுக்கும் எரித்திரியாவுக்கும் தொடங்கிய போரில் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டார்கள். 2000ஆம் ஆண்டு ஜூன் 18 அன்று அல்ஜியர்ஸ் நகரில் சண்டை நிறுத்த உடன்பாடும், அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று முழுமையான அமைதி ஒப்பந்தமும் கையெழுத்தாயின. எரித்திரியப் படைகள் எத்தியோப்பியப் படைகளிடமிருந்து 25 கிலோமீட்டர் விலகி நிற்க வேண்டும், நடுவில் இருக்கும் நிலம் தற்காலிகப் பாதுகாப்பு மண்டலமாக இருக்கும், அதை ஐ.நா. கண்காணிக்கும் என்பது ஏற்பாடு. 220 ராணுவப் பார்வையாளர்கள் உட்பட 4,200 பேர் கொண்ட பணிக்குழுவைப் பாதுகாப்பு கவுன்சில் 1320ஆம் எண் தீர்மானத்தின் மூலம் அனுமதித்தது. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 18 அன்று மண்டலம் முறைப்படி நடைமுறைக்கு வந்தது. நடுப் பிரிவில் இந்தியப் படைப்பிரிவு ஒன்று நிறுத்தப்பட்டிருந்தது. பார்வையாளர்களாகிய நாங்கள் அந்தப் படைப்பிரிவுகளைச் சேராமல், சிறு சிறு முகாம்களில் பல நாட்டவராகக் கலந்து தங்கியிருந்தோம்.

இந்த ஏற்பாட்டில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, மண்டலம் முழுவதும் எரித்திரியாவின் பக்கமே விழுந்தது என்பதாகும். விலகிப் போனது ஒரு படை, விலகிய நிலமும் அதே நாட்டின் கையில் இருந்த நிலம். உள்ளூர் நிர்வாகத்துக்காகக் குறிப்பிட்ட அளவில் எரித்திரியப் போலீசாரும் ஊர்க்காவல் படையினரும் மண்டலத்துக்குள் இருக்கலாம் என்ற விதிவிலக்கும் இருந்தது. எனவே ஒரு தரப்பு எங்களைப் பார்த்தபோதெல்லாம் "எங்கள் மண்ணில் வந்து எங்களையே எண்ணுகிறார்கள்" என்று நினைத்தது. மறு தரப்பு "ஊர்க்காவல் படை என்ற பெயரில் ராணுவம் திரும்பி வருகிறது, இவர்கள் கண்டுகொள்வதில்லை" என்று நினைத்தது. போகும் இடத்தின் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்து, அது எந்தத் தரப்புக்கு எங்கே வலிக்கிறது என்பதைப் போவதற்கு முன்பே குறித்துக்கொள்ளும்படி மாப்பிள்ளையிடம் சொன்னேன். சோதனைச் சாவடியில் நிற்கும் இளம் சிப்பாய் முகம் கடுத்துப் பேசுவதற்கான காரணம் பெரும்பாலும் அந்த ஒப்பந்தத்தின் ஏதாவது ஒரு பத்தியில்தான் இருக்கும்.

இனி குறிப்பேட்டுக்கு வருகிறேன். பார்வையாளருக்கு இருக்கும் ஒரே கருவி அதுதான் என்பதால் இதைப் பற்றி அதிகம் எழுதுவதைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டு வைத்திருந்தேன்: நானே கண்ணால் கண்டது ஒன்று, ஒருவர் சொல்லக் கேட்டது இரண்டு, கண்டதையும் கேட்டதையும் வைத்து நான் எண்ணுவது மூன்று. நேரம், வரைபடத்தில் கட்ட எண், நான் நின்ற இடம், பார்த்த திசை, தூரம், வெளிச்சம் ஆகியவை முதல் பகுதியில் கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் சொன்னவர் யார் என்பதைப் பெயரால் எழுதாமல் "ஆடு மேய்க்கும் முதியவர்" என்பது போல எழுத வேண்டும். இதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். மூன்றாம் பகுதியை அன்று மாலை முகாமுக்குத் திரும்பிய பிறகே நிரப்ப வேண்டும். களத்தில் நிற்கும்போதே எண்ணத்தை எழுதத் தொடங்கினால், அதன் பிறகு கண் அந்த எண்ணத்துக்கு ஏற்றதை மட்டுமே தேடும்.

இதைச் சொல்லிக் கொடுப்பது எளிது, பழக்குவது கடினம். மாப்பிள்ளையைக் கீழக்குயில்குடிக்கு அழைத்துப்போய், சமணர் மலையில் ஏறி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து கீழே தெரிவதையெல்லாம் எழுதச் சொன்னேன். நாகமலைப் பக்கம் போகும் பாதையில் வந்த ஒரு வண்டியை அவர், "செங்கல் ஏற்றிய லாரி" என்று எழுதியிருந்தார். "செங்கலைப் பாத்தீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டேன். "தார்ப்பாய் போட்டு மூடியிருந்துச்சு மாமா, ஆனா செங்கலாத்தான் இருக்கும்" என்றார். செங்கல்லாகத்தான் இருந்திருக்கும், எனக்கும் அதில் ஐயமில்லை. ஆனால் கண்டது தார்ப்பாய் மூடிய லாரி, வந்த திசை, போன திசை, நேரம், சக்கரங்கள் அழுந்திய அளவைக் கொண்டு சுமையோடு இருந்ததாகத் தோன்றியது ஆகிய இவ்வளவுதான். இதே வண்டி ராணுவமற்ற மண்டலத்தில் வந்து, "பீரங்கிக் குண்டு ஏற்றிய லாரி" என்று ஒரு பார்வையாளர் எழுதி, அது தலைமையகம் வழியாக இரு நாட்டுத் தளபதிகளும் உட்காரும் ராணுவ ஒருங்கிணைப்பு ஆணையத்தின் மேசைக்குப் போனால், எதிர்த்தரப்பு கேட்கப்போகும் முதல் கேள்வி "திறந்து பார்த்தாரா?" என்பதாகத்தான் இருக்கும். இல்லை என்ற ஒரு பதிலில் அந்த அறிக்கை மட்டுமின்றி அந்த முகாமிலிருந்து அதற்கு முன் போன அறிக்கைகளும் மதிப்பிழக்கும். அன்று மாப்பிள்ளையின் பக்கத்தில் இருந்த பதிவுகளை இருவரும் உட்கார்ந்து முதல் பகுதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் பிரித்தோம். பாதிக்கும் மேல் மூன்றாம் பகுதிக்குப் போயிற்று. மதுரையைச் சுற்றி யானைமலை, நாகமலை என்று உயரமான பாறைகளுக்குக் குறைவில்லை. இந்தப் பணிக்குத் தேர்வானவர்கள் கிளம்புவதற்கு முன் இப்படிப் பலமுறை உட்கார்ந்து பழக வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். கண்ணால் தூரத்தை மதிப்பிட்டு, பிறகு ஜி.பி.எஸ். கொண்டு சரிபார்க்கும் பழக்கமும் அங்கேயே வந்துவிடும்.

படைகளை எண்ணுவதற்குச் சிப்பாய்களின் தலைகளை எண்ணிப் பயனில்லை. மறைக்க நினைப்பவர்கள் முதலில் ஆட்களைத்தான் மறைப்பார்கள். நான் கற்றுக்கொண்டது தண்ணீரை எண்ணுவது. எரித்திரிய மேட்டுநிலம் வறண்டது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை போனால் பல இடங்களில் தண்ணீரை லாரியில்தான் கொண்டுவர வேண்டும். ஊர்க்காவல் படையினர் சிலர் மட்டும் இருப்பதாகச் சொல்லப்படும் ஒரு மேட்டுக்கு வாரம் ஒருமுறை வந்த தண்ணீர் லாரி, திடீரென்று ஒன்றுவிட்டு ஒரு நாள் வரத் தொடங்கினால் அங்கே ஆள் கூடியிருக்கிறது. சமையல் புகை எத்தனை இடத்திலிருந்து எழுகிறது, புதிதாகத் தோண்டிய கழிப்பிடக் குழிகள் எத்தனை, விறகுச் சுமை எந்தப் பாதையில் போகிறது, பாதையில் பதிந்திருக்கும் சக்கரத் தடம் நேற்றையதா இன்றையதா என்பவையெல்லாம் பொய் சொல்லாத சாட்சிகள். உடையும் காலணியும் நல்ல சாட்சிகள் அல்ல. எரித்திரியாவில் பிளாஸ்டிக் செருப்பு விடுதலைப் போராட்டத்தின் அடையாளமாகவே ஆகி, தலைநகர் அஸ்மாராவில் அதற்கு நினைவுச் சின்னமும் எழுப்பப்பட்டிருக்கிறது. போராளியும் அதை அணிந்தார், உழவரும் அதை அணிந்தார். அதைக் கொண்டு ஒருவரைச் சிப்பாய் என்றோ ஊர்க்காரர் என்றோ எழுத முடியாது.

கண்ணிவெடியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் நான் மாப்பிள்ளையிடம் கடுமையாகப் பேசினேன். போர் முடிந்தாலும் நிலத்துக்குள் அது முடிவதில்லை. அகற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்ட பாதையிலும் புதிதாகப் புதைக்கப்பட்ட வெடிகள் எங்கள் காலத்தில் கண்டெடுக்கப்பட்டன. எதிர்வண்டிக்கு வழிவிடப் பாதையை விட்டு ஒரு சக்கரம்கூட இறங்கக் கூடாது. பின்னோக்கியே எடுத்துப் போய் வழிவிட வேண்டும். சிறுநீர் கழிக்க ஒதுங்குவதற்கும் பாதையின் மேலேயே நிற்க வேண்டும், கூச்சத்துக்கு அங்கே இடமில்லை. காலையில் கிளம்பும் முன் அந்தப் பாதையில் நேற்று மாடு ஓட்டியவர், சந்தைக்குப் போய் வந்த பெண்கள் ஆகியோரைக் கேட்டுவிட்டுப் போவது எந்த வரைபடத்தையும்விட மேலானது. மழை பெய்த மறுநாள் பழகிய பாதையையும் புதிய பாதையாகவே கருத வேண்டும், ஏனென்றால் சரிவிலிருந்து மண்ணோடு வெடியும் நகர்ந்து வரும். வழக்கமாக ஆடு மேயும் புல்வெளி திடீரென்று வெறுமையாகக் கிடந்தால், காரணம் தெரியும்வரை உள்ளே போகக் கூடாது. வெடி ஒன்று கிடைத்தால் அது பழையதா புதியதா என்பது ராணுவமற்ற மண்டலத்தில் பெரிய அரசியல் கேள்வியாகிவிடும். 2025ஆம் ஆண்டு தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லைச் சண்டையை நிறுத்தி, ஆசியான் பார்வையாளர்கள் முன்னிலையில் கனரக ஆயுதங்களைப் பின்வாங்க ஒப்புக்கொண்ட பிறகு, நவம்பரில் தாய்லாந்துச் சிப்பாய்கள் ஒரு கண்ணிவெடியில் காயமுற்றார்கள். அது புதிதாக வைக்கப்பட்டது என்று தாய்லாந்தும், பழைய போரில் எஞ்சியது என்று கம்போடியாவும் சொல்ல, உடன்பாட்டை நிறைவேற்றுவதைத் தாய்லாந்து நிறுத்தி வைத்தது. அடுத்த மாதமே சண்டை மீண்டும் மூண்டது. ஒரு வெடியின் வயதைப் பற்றிப் பார்வையாளர் எழுதும் ஒரு வரிக்கு எவ்வளவு எடை உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆகவே அது நம் துறையல்ல என்று விலகி, படம் எடுக்க அனுமதி இருந்தால் எடுத்து, இடத்தைக் குறித்து, வெடியகற்றும் வல்லுநரின் முடிவுக்கு விட்டுவிட வேண்டும்.

வழி மறிக்கப்படுவது இந்தப் பணியில் அன்றாடம் நடப்பது. தடுக்கும் சிப்பாய்க்கு அவருடைய மேலதிகாரி இட்ட ஆணைக்கு மேல் எதுவும் தெரியாது. அவரோடு தீர்மான எண்ணைச் சொல்லி வாதிடுவது வீண். வண்டியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கையிரண்டும் தெரியும்படி வைத்து, வணக்கம் சொல்லி, எங்கே போகிறோம் என்று சொல்லி, தடுப்பதற்கான காரணத்தைக் கேட்டு, காத்திருக்க வேண்டும். திரும்பிப் போகச் சொன்னால் தடுத்த நேரம், காத்திருந்த நேரம், சொல்லப்பட்ட காரணம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, வயர்லெஸில் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். மறுநாள் அதே இடத்துக்கு அதே நேரத்துக்கு மீண்டும் போக வேண்டும். நம்மைத் தடுத்ததும் ஒரு பதிவுதான், சில சமயம் உள்ளே போய்ப் பார்த்திருந்தால் கிடைக்கும் பதிவைவிடக் கனமான பதிவு.

2005ஆம் ஆண்டு அக்டோபரில் எரித்திரிய அரசு தன் வான்வெளியில் ஐ.நா. ஹெலிகாப்டர்கள் பறப்பதைத் தடை செய்தபோது நான் அங்கே இருந்தேன். வானிலிருந்து பார்ப்பது நின்றது என்பது மட்டுமே அதன் விளைவு என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்தார்கள். உண்மையில் அது தரையையும் முடக்கியது. தொலைவான முகாமில் ஒருவர் வெடியில் சிக்கினால், அவரை உயிரோடு அறுவை சிகிச்சை மேசைக்குக் கொண்டுபோகும் ஒரே வழி ஹெலிகாப்டர்தான். அந்த வழி அடைபட்டதும் எட்டாக் கையில் இருந்த நிலைகளைக் காலி செய்யவும், ரோந்தைச் சுருக்கவும் வேண்டியதாயிற்று. மண்டலத்தின் பெரும் பகுதி எங்கள் கண்ணிலிருந்து மறைந்தது. பாதுகாப்பு கவுன்சில் நவம்பர் 23 அன்று 1640ஆம் எண் தீர்மானத்தில் தடையை நீக்கும்படி கோரியது. டிசம்பரில் அமெரிக்கா, கனடா, ஐரோப்பா, ரஷ்யா ஆகியவற்றைச் சேர்ந்த பணியாளர்கள் பத்து நாட்களுக்குள் வெளியேற வேண்டும் என்ற உத்தரவு பதிலாக வந்தது. எங்கள் முகாமில் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டவர்களில் சிலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளைச் சேர்ந்த நாங்கள் இருந்தோம்.

அந்த மாதங்களில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்ட ஒரு நடைமுறையை மாப்பிள்ளை தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பார்க்க முடியாததைப் பார்க்க முடியவில்லை என்று ஒவ்வொரு நாளும் எழுத வேண்டும். அன்றாட அறிக்கையில் ஒரு பகுதியைப் பற்றி எதுவும் எழுதாமல் விட்டால், மேலே படிப்பவர் அங்கே அமைதி நிலவுகிறது என்று எடுத்துக்கொள்வார். "இந்தக் கட்டங்களுக்கு இந்த நாள் முதல் எங்களால் போக இயலவில்லை, இங்குள்ள நிலை தெரியாது" என்ற வரி ஒரே மாதிரியாக நாள்தோறும் திரும்பத் திரும்ப வருவது எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் சலிப்பூட்டும். சலிப்பைக் கருதி அந்த வரியைக் கைவிடக் கூடாது. பார்க்காத நிலத்துக்கு அமைதிச் சான்றிதழ் கொடுப்பதைவிடப் பெரிய தீங்கைப் பார்வையாளர் எவரும் செய்துவிட முடியாது.

அதன் பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரிந்தவை. 2007ஆம் ஆண்டின் இறுதியில் ஐ.நா. பணிக்கான எரிபொருளை எரித்திரியா நிறுத்தியது. 2008ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று பாதுகாப்பு கவுன்சில் பணியை முடித்துக்கொள்ளத் தீர்மானித்தது. 2002ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று அல்ஜியர்ஸ் ஒப்பந்தப்படி அமைந்த எல்லை ஆணையம் பாட்மே எரித்திரியாவுக்கு உரியது என்று தீர்ப்பளித்தும், எத்தியோப்பியா அதை நடைமுறைப்படுத்தாமல் இழுத்ததே இவ்வளவு கசப்புக்கும் அடி வேர். அஸ்மாராவில் இரு நாட்டுத் தலைவர்களும் சமாதானப் பிரகடனத்தில் கையெழுத்திட 2018ஆம் ஆண்டு ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2020இல் எத்தியோப்பியாவின் வடக்கே உள்ள திக்ரே மாநிலத்தில் போர் தொடங்கியபோது எரித்திரியப் படைகள் அதே எல்லையைத் தாண்டி உள்ளே போயின. சலம்பெசா, அடிகிராட் என்று நான் நடந்த ஊர்களின் பெயர்களைச் செய்தியில் படித்த நாட்கள் எனக்கு மிகக் கடினமானவை.

அப்படியானால் நீங்கள் செய்ததால் என்ன பயன் என்று நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். பயன் இருந்தது என்பது என் உறுதியான எண்ணம். நாங்கள் இருந்த ஆண்டுகளில் அந்த எல்லையில் முழுப் போர் திரும்பவில்லை. வழி தவறி மறுபக்கம் போன மாடு மேய்ப்பவர்களைப் பற்றியும், பிடித்துவைக்கப்பட்டவர்களைப் பற்றியும் எழுந்த பூசல்கள் துப்பாக்கிக்குப் போகாமல் பேச்சில் முடிந்தன. உழவர்கள் திரும்பி வந்து நிலத்தை உழுதார்கள். பார்வையாளர் தருவது அவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்தில் தீர்ப்பை நிறைவேற்ற வேண்டியவர்கள் தலைநகரங்களில் இருப்பவர்கள். ஈராக்குக்கும் குவைத்துக்கும் இடையே 1991இல் அமைந்த மண்டலத்தில் முதலில் ஆயுதமற்ற பார்வையாளர்களே இருந்தார்கள். 1993 ஜனவரியில் ஈராக்கியர் உம் கஸர் கிடங்குகளுக்குள் புகுந்து ஏவுகணைகளை எடுத்துப் போனபோது அந்தப் பார்வையாளர்களால் பதிவு செய்யத்தான் முடிந்தது. ஆனால் அந்தப் பதிவே அடுத்த மாதம் ஆயுதப் படைப்பிரிவையும் கூடுதல் அதிகாரத்தையும் தரும் தீர்மானத்துக்கு அடிப்படையாயிற்று. ஈழத்தில் 2002 முதல் 2008 வரை போர்நிறுத்தத்தைக் கண்காணித்த நார்டிக் நாட்டவரைப் பற்றி நம் மக்களுக்குப் பலவிதமான வருத்தங்கள் உண்டு. அந்த வருத்தங்களோடுகூட, அவர்கள் எழுதி வைத்த மீறல் பதிவுகள் இல்லாமல் அந்த ஆண்டுகளின் வரலாற்றை எழுத முடியாது என்பதையும் நினைக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லையின் இருபக்கமும் திக்ரின்யா பேசும் மக்கள், கொண்டு கொடுத்த குடும்பங்கள். எங்களுக்குச் சொல் எடுத்துக் கொடுத்தவர்கள் அந்த ஊர் இளைஞர்கள். நாம் ஓராண்டில் ஊர் திரும்பிவிடுவோம், அவர்கள் அங்கேயே, அதே அதிகாரிகளின் கீழ் இருக்கப் போகிறவர்கள். எரித்திரியாவில் சட்டப்படி 18 மாதங்களாக இருந்த தேசிய சேவை போருக்குப் பின் முடிவில்லாமல் நீண்டுபோனது. அத்தகைய நாட்டில் ஐ.நா. வண்டியில் அமர்ந்திருப்பதே ஓர் இளைஞருக்கு ஆபத்தாக முடியலாம். ஆகவே கடுமையான கேள்வியை அவர் வாயால் கேட்க வைக்கும்போது, "இது என் கேள்வி, இவர் சொல்லித் தருகிறார், அவ்வளவுதான்" என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியும்படி நாமே அதிகாரியின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். சோதனைச் சாவடியில் வாக்குவாதம் எழுந்தால் அவரை வண்டியிலேயே விட்டுவிட வேண்டும். குறிப்பேட்டில் ஊர்க்காரர் எவர் பெயரும் இருக்கக் கூடாது என்று முன்னர் சொன்னதும் இதற்காகத்தான். குறிப்பேடு தொலையலாம், பறிக்கப்படலாம், அப்போது அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் ஒரு வீட்டு வாசலைக் காட்டும்.

ஊர்ப் பெரியவர்களோடு உட்காரும்போது அவசரம் கூடாது. அங்கே காபியைப் பச்சைக் கொட்டையிலிருந்து வறுத்து, இடித்து, மூன்று சுற்று ஊற்றுவார்கள். மூன்றாவது சுற்றுக்கு முன் எழுந்து போவது மரியாதையல்ல, உருப்படியான தகவலும் மூன்றாவது சுற்றில்தான் வரும். எல்லைக் கோட்டின் இந்தப் பக்க அதிகாரியிடம் ஒரு வேளை சாப்பிட்டால் அந்தப் பக்க அதிகாரியிடமும் அதே வாரத்தில் ஒரு வேளை சாப்பிட வேண்டும், அல்லது இரு இடத்திலும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். இதை எவரும் கணக்கு வைப்பதில்லை என்று எண்ண வேண்டாம்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். போய் இறங்கியதும் ஆங்கிலத்திலும் வண்டி ஓட்டுவதிலும் தேர்வு வைப்பார்கள். தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அது நாட்டுக்கே தலைகுனிவு. ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும், சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். எழுமலைப் பக்கத்து மண் பாதைகளில் ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கியர் மாற்றி ஓட்டிப் பழகுவது பெரிதும் உதவும். அஸ்மாரா 2,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது, கொடைக்கானலைவிட உயரம், முதல் வாரம் மூச்சு வாங்கும். மாப்பிள்ளை போகும் எல்லையோ தாழ்ந்த சமவெளி, மழைக்காலத்தில் சேறும் மலேரியாவும் அதிகம். மாத்திரையை விடுப்பில் மதுரைக்கு வந்திருக்கும் நாட்களிலும் நிறுத்தக் கூடாது. சமையல் தெரியாமல் போகக் கூடாது, முறைவைத்துச் சமைக்கும் முகாமில் சமைக்காதவருக்கு மதிப்பு இருக்காது. வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: பேச வேண்டிய நாளில் அழைப்பு வராவிட்டால் உடனே கலங்க வேண்டாம், தொடர்பு அறுந்துபோவது அங்கே சாதாரணம். அக்காவிடம் இதை நேரிலேயே சொல்லிவிட்டேன்.

முகாமில் பல நாட்டு அதிகாரிகள் சேர்ந்து ஒரே அறிக்கை எழுதும்போது கருத்து வேறுபாடு வரும். பெரும்பான்மையின் கருத்தை உண்மையாக்கிவிடக் கூடாது. இருவர் ஐந்து கூடாரங்களைக் கண்டதாகவும் ஒருவர் ஏழு கண்டதாகவும் சொன்னால், யார் எங்கே நின்று பார்த்தார்கள் என்பதோடு இரண்டு எண்களையும் எழுதி, மறுநாள் மீண்டும் போய்ப் பார்க்க வேண்டும். அதிகப் பதவியில் இருப்பவர் சொன்னார் என்பதற்காக ஐந்தை ஆறாக்குவது எந்த நாட்டு ராணுவத்திலும் நடக்கக்கூடியது. நம்மிலும் அந்தப் பழக்கம் உண்டு, அதை அங்கே விட்டுவிட வேண்டும்.

கடைசியாக ஒப்படைப்பு. பார்வையாளர் ஓராண்டுக்கு ஒருவர் மாறிக்கொண்டே இருக்கிறார், இரு தரப்புத் தளபதிகளோ பல ஆண்டுகள் அங்கேயே இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் புதியவர் வந்து முதலிலிருந்து தொடங்குவதால் மண்டலத்தின் நினைவு ஐ.நா. பக்கத்தில் அழிந்து, கண்காணிக்கப்படுபவர்களிடம் மட்டும் மிஞ்சுகிறது. கூடாரத்தையும் வண்டிச் சாவியையும் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறுவதை நான் ஒப்படைப்பாகக் கருதுவதில்லை. வருபவரைக் கூடவே அழைத்துப்போய் ஊர்ப் பெரியவர்களிடமும் இரு தரப்பு அதிகாரிகளிடமும் அறிமுகம் செய்ய வேண்டும். எந்தப் பாதையில் கடைசியாக எந்த நாள் வண்டி போனது, எந்த மேட்டுக்கு வழக்கமாக எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் லாரி வரும், எந்தச் சாவடியில் எந்தக் காரணம் சொல்லித் தடுப்பார்கள், எந்தக் கட்டங்களை நம் காலத்தில் ஒருமுறைகூடப் பார்க்க முடியவில்லை என்பவற்றை வரைபடத்தோடு சேர்த்து எழுதித் தர வேண்டும். இதைக் கடைசி வாரத்தில் உட்கார்ந்து எழுதினால் பாதிதான் வரும் என்பதால், போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அதற்கென்று ஒரு தனி நோட்டைத் தொடங்கிவிடும்படி மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன்.